கல்லில் ஏறிய சுலோகம்

கேதகி லிமயே அந்தச் சுலோகத்தை எழுதியது ஒப்பனை அறை வாசலில் நின்றுகொண்டு, ஒரு கையில் டீயும் மறு கையில் போனுமாக. புனேயில் சமஸ்கிருதம் படித்தவள். பண்டைய இந்திய வரலாற்றில் ஆய்வு செய்யப் போய், பாதியில் விட்டுவிட்டு, மும்பையில் புராணத் தொடர் எடுக்கும் ஒரு கம்பெனியில் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்திருந்தாள். அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான். ரிஷிபத்தினி ரவிக்கை போடுவாளா, யாக விருந்தில் உருளைக்கிழங்கு வைக்கலாமா என்றெல்லாம் கேட்பார்கள். அவள் நாலு நூலைப் புரட்டிப் பதில் சொல்லுவாள். கேட்டுக்கொண்டு, உருளைக்கிழங்கையே வைத்துப் படம் பிடிப்பார்கள்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது நர்மதை அம்மனின் கதை. தயாரிப்பாளர் நிமேஷ்பாய் அன்றைக்கு வியர்த்து விறுவிறுக்க வந்தார்.

"கேதகிபென், வாரத்துக்கு ஒரு சாபமாவது வேணும்னு சேனல்காரன் உயிரை எடுக்குறான். இந்த வாரம் மீன்காரி சாபம். கூடையோட வர்றா, கரையில கால் வைக்கிறா, அம்மன் மூக்கைப் பொத்திக்கிட்டு சபிக்கிறா. ஸீன் ரெடி. சுலோகம் மட்டும் எடுத்துக் குடு."

"அப்படி ஒரு சுலோகமே கிடையாது நிமேஷ்பாய். ஸ்காந்த புராணத்துல நர்மதையைப் பத்தின ரேவா கண்டத்தை நான் முழுசா படிச்சிருக்கேன். யார் குளிச்சாலும் பாவம் போகும்னுதான் அதுல பாட்டு. போதாததுக்கு, வியாசரோட அம்மாவே மீன்காரப் பொண்ணு. மத்ஸ்யகந்தான்னே அவளுக்குப் பேரு."

"ஆகா, பேரு நல்லா இருக்கே! அதையும் போட்டு நீயே ரெண்டு வரி எழுதிடு. எவன் போய்ப் பார்க்கப் போறான்?"

அவள் சிரித்தாள். கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. யாப்பு பிசகாமல் சட்டென்று சுலோகம் கட்டிவிடுவாள் என்று கல்லூரியில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை யாரும் சொல்லி நெடுநாளாயிற்று. டீ ஆறுவதற்குள் எழுதி அனுப்பிவிட்டாள்.

'மத்ஸ்யகந்தா து யா நாரீ ரேவாதீரம் ஸ்ப்ருசேத் பதா
தஸ்ய குலம் ஜலே நச்யேத் இதி தேவ்யா வசோ த்ருவம்.'

மீன் நாற்றமுள்ள எந்தப் பெண் ரேவையின், அதாவது நர்மதையின், கரையைக் காலால் தொடுகிறாளோ, அவள் குலம் நீரில் அழியும். இது தேவியின் உறுதியான வாக்கு. அனுப்பிய பிறகுதான் பிழை கண்ணில் பட்டது. 'அவளுடைய குலம்' என்பதற்கு 'தஸ்யா:' என்று வரவேண்டும். அவசரத்தில் 'தஸ்ய' என்று அடித்திருந்தாள். அப்படியென்றால் 'அவனுடைய குலம்'. போய்த் திருத்தச் சொல்ல அலுப்பாக இருந்தது. விட்டுவிட்டாள். திரையில் அது பொன்னெழுத்தில் ஓடியது. கீழே 'புராண ஆதாரங்களின்படி' என்று ஒரு வரி. தொடர் நன்றாக ஓடிற்று. அவள் அதை மறந்தும் போனாள்.

தொடரின் இரண்டாம் பாகத்துக்கு நர்மதா ஜயந்தித் திருவிழாவை நேரில் பார்த்துக் குறித்துவரச் சொல்லி அவளைச் சோம்காட்டுக்கு அனுப்பினார்கள். நர்மதையின் வடகரையில் சின்ன ஊர். ஜயந்தியன்று நூற்றுக்கணக்கான சேலைகளை ஒன்றோடொன்று தைத்து, ஒரு கரையிலிருந்து மறுகரை வரை அம்மனுக்குச் சாத்துவார்கள். படகுகளை ஆற்றின் குறுக்கே வரிசையாக நிறுத்தி, கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோவார்கள். அதைப் பார்க்கத்தான் கூட்டம் வரும்.

காலையில் அவல் போஹாவும் ஜிலேபியும் தின்றுவிட்டுப் படித்துறைக்கு இறங்கினாள். சாமந்திப்பூ அழுகிப் படிகளில் சகதியாகக் கிடந்தது. அபிஷேகப் பால் திரிந்து, அதில் ஈ மொய்த்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் மேல்படியில் புதிதாகப் பதித்திருந்த பளிங்குப் பலகையைப் பார்த்தாள். சிவப்பு எழுத்து. முதல் சொல்லைப் படித்ததுமே மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

மத்ஸ்யகந்தா து யா நாரீ. அதே வரி, அதே 'தஸ்ய'. அடியில், 'ஸ்காந்த புராணம், ரேவா கண்டம்'. அதற்கும் அடியில் ஹிந்தியில், 'கேவட் பெண்கள் இந்தப் படித்துறையில் இறங்கக் கூடாது. படித்துறை அறக்கட்டளை.'

கேவட்டுகள் அந்த ஊரின் படகோட்டிகள், மீன் பிடிப்பவர்கள். அவர்கள் பெண்கள் இப்போது எங்கே இறங்குகிறார்கள் என்று பூக்காரனிடம் கேட்டாள். அவன் தாடையால் கிழக்கே காட்டினான்.

அங்கே ஊர்ச் சாக்கடை ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. கறுப்பாக, கொழகொழவென்று, ஆஸ்பத்திரிப் பஞ்சும் குழந்தைகளின் அழுக்குத் துணியுமாக. அதற்குச் சற்றுத் தள்ளி முழங்கால் தண்ணீரில் நாலைந்து பெண்கள் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நுரையைக் கையால் விலக்கிவிட்டு முங்கினாள். கேதகிக்குத் தின்ற ஜிலேபி தொண்டை வரை வந்துவிட்டது.

முங்கி எழுந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் ரேஷம்பாயி.

"என்ன தீதி, வழி தவறிட்டீங்களா? யாத்திரைக்காரங்க குளிக்கிற இடம் அந்தப் பக்கம்."

"இல்ல... நீங்க ஏன் இங்க...?"

"எங்க மேல மீன் நாத்தம் அடிக்குதாம். நர்மதா அம்மாவுக்கு ஆகலையாம். இந்தச் சாக்கடை வாசனை மட்டும் அம்மாவுக்கு அத்தர் மாதிரி இருக்குது போல." கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ரேஷம்பாயி தலைமுடியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "எங்க மாமியா, அவ மாமியா, எல்லாரும் அந்தப் படியிலதான் விளக்கு வித்தாங்க. நானும் வித்தேன். திடீர்னு ஒருநாள் டிவியில வந்துருச்சாம், புராணத்துல எழுதியிருக்காம். நாலு பசங்க தடியோட வந்து கடையைத் தூக்கித் தண்ணியில போட்டானுங்க. என் மக சின்னவ இந்தத் தண்ணியில குளிச்சு உடம்பெல்லாம் சிரங்கு. அவளைக் கேட்டுப் பாருங்க புராணத்தைப் பத்தி."

கேதகியால் அங்கே நிற்க முடியவில்லை. ஏதோ சொல்லிவிட்டு மேலே ஏறி, ஒரு சுவரோரம் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிய பிறகும் அந்தக் கசப்பு போகவில்லை.

அறக்கட்டளைச் செயலாளர் விசுவம்பர் உபாத்யாயவின் வீடு படித்துறையை ஒட்டியே இருந்தது. வாசல் கூடத்தில் அறக்கட்டளைப் பெரியவர்கள் அரை வட்டமாக உட்கார்ந்து திருவிழா ஏற்பாடுகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பண்டிட்ஜி என்று அழைக்கும் அவர் எழுபதை நெருங்கியவர். வெள்ளை வெளேரென்ற வேட்டி, சந்தன வாசனை. டிவி கம்பெனியிலிருந்து என்றதும் எழுந்தே நின்று வரவேற்றார்.

"நர்மதே ஹர்! வாம்மா, வா மகளே. உங்க தொடரால இந்த ஊருக்கே புத்தி வந்துச்சு."

"பண்டிட்ஜி, அந்தப் பலகையில இருக்கிற சுலோகம் புராணத்துல இல்ல. அதை எழுதினது நான்."

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"நீ எழுதினியா? பாரு, பாரு, வியாசர் ஜீன்ஸ் போட்டுக்கிட்டு வந்திருக்காரு!" என்றார் ஒரு பருத்த ஆள்.

"பொய்யில்ல. அதுல பிழைகூட இருக்கு. நாரீன்னு பெண்பால்ல ஆரம்பிச்சு, 'தஸ்ய'ன்னு ஆண்பால்ல முடியுது. அவசரத்துல நான் பண்ணின தப்பு. ஒரு ரிஷி இப்படி எழுதுவாரா?"

பண்டிட்ஜி கண்களை மூடி, சுலோகத்தை ராகத்தோடு ஒருமுறை சொன்னார். கண்ணைத் திறந்தபோது முகத்தில் பரவசம்.

"ஆர்ஷப் பிரயோகம்! ரிஷி வாக்கு மகளே. இலக்கணம் நமக்குத்தான், ரிஷிக்கு ஏது? அவர் பார்வையில ஆண் ஏது, பெண் ஏது? இந்த ஒரு சொல்லே போதும், இது எவ்வளவு பழசுன்னு சொல்ல. இந்தக் காலத்து ஆள் எழுதியிருந்தா இலக்கணம் சுத்தமா இருந்திருக்கும்."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கேதகி விடவில்லை. "வியாசரோட அம்மாவே மத்ஸ்யகந்தாதானே பண்டிட்ஜி? அந்த நாத்தத்துக்குப் பிறந்தவர்தானே இந்தப் புராணம் எல்லாத்தையும் தொகுத்தாரு?"

"அந்த நாத்தத்தைத்தான் பராசர ரிஷி போக்கிட்டாரே!" என்றார் அவர், ஒரு நொடி தாமதிக்காமல். "இவங்களுக்கு யாரு போக்கினா?"

மறுபடி சிரிப்பு. ஒரு தட்டில் பேடா வந்தது. அவள் தொடவில்லை. எழுந்தாள். பண்டிட்ஜியும் கூடவே எழுந்து வாசல்வரை வந்தார். மற்றவர்கள் காதில் விழாத தூரம் வந்ததும் அவருடைய குரல் மாறிவிட்டது. ராகமில்லை, பரவசமில்லை.

"எனக்குத் தெரியும்மா. அது ரேவா கண்டத்துல இல்ல. அம்பது வருஷமா பாராயணம் பண்றேன், எனக்குத் தெரியாதா?"

அவள் திரும்பி அவரையே பார்த்தாள்.

"ஏன் இப்படிப் பார்க்கிற? புராணத்துல இருக்கிற ஒவ்வொரு சுலோகமும் வானத்துலருந்தா விழுந்துச்சு? யாரோ ஒருத்தர் கேட்டிருப்பாரு, உன்னை மாதிரி கெட்டிக்காரன் ஒருத்தன் எழுதிக் குடுத்திருப்பான். அது பழசாயிடுச்சு, கும்பிடுறோம். உன்னோடது புதுசு, அவ்வளவுதான். நூறு வருஷம் போகட்டும்."

"அந்தப் பொண்ணுங்க சாக்கடையில குளிக்கிறாங்க பண்டிட்ஜி."

"அந்த மேல்படியில யாத்திரை விடுதி வரப்போகுது. அவங்க கடையும் படகும் அங்கேயே கிடந்தா எப்படி வரும்? கோர்ட்டுக்குப் போனா என் பேரன் காலம்வரை இழுக்கும். சுலோகம் ஒரே வாரத்துல முடிச்சிருச்சு." அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்க வந்தார். அவள் விலகினாள். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "உனக்கு நல்ல கை. தெற்குத் தெருவுல முடிதிருத்துறவங்க கொஞ்சப் பேர் இருக்காங்க. அவங்களுக்கும் இதேபோல ஒண்ணு இருந்தா... யோசிச்சுப் பாரு."

சந்தன வாசனை அன்று முழுக்க அவள் மூக்கை விட்டுப் போகவில்லை. அறைக்கு வந்து தலைக்குக் குளித்தாள். அப்புறமும் அடித்தது. இத்தனை வருஷம் அவள் படித்த நூல்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எந்தச் சாபத்தை நினைத்தாலும் அதற்குப் பின்னால் ஒரு நிமேஷ்பாய் வியர்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவளைப்போல ஒருத்தன், யாப்பு சரியாக வந்ததை எண்ணிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நிமேஷ்பாய்க்கு போன் போட்டாள்.

"கல்லுலயா? நம்ம சுலோகமா?" அவர் கூவினார். "போட்டோ அனுப்பு, உடனே அனுப்பு! இதைவிட விளம்பரம் என்ன வேணும்?"

"நிமேஷ்பாய், அது தொடருக்காக நாமளே எழுதினதுன்னு கம்பெனி பேர்ல ஒரு அறிக்கை விடணும். இங்க ஜனங்க..."

"உனக்குப் பைத்தியமா? 'ஆதாரங்களின்படி'ன்னு திரையில போட்டிருக்கோம். பொய்யின்னு நாமளே சொன்னா, மனசு புண்பட்டுப் போச்சுன்னு ஊர் ஊரா கேஸ் போடுவானுங்க. கல்லுல இருக்குன்னா அது நம்மோடது இல்ல கேதகிபென், அவங்களோடது. நீ திருவிழாவைக் குறிச்சுக்கிட்டு வா."

மறுநாள் காலை அவள் மறுபடி சாக்கடைப் பக்கம் போனாள். ரேஷம்பாயி வலையிலிருந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாயி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தச் சுலோகத்தை எழுதினது நான்."

ரேஷம்பாயி நிமிர்ந்து பார்த்தாள். விளையாட்டென்று நினைத்துச் சிரிக்கப் போனாள். கேதகியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு பாதியில் நின்றது.

"எதுக்கு எழுதின?"

"கேட்டாங்க. எழுதிட்டேன்."

"எங்க மேல உனக்கு என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இல்ல. உங்களைத் தெரியவே தெரியாது எனக்கு."

"கோவம்கூட இல்லையா?" ரேஷம்பாயி கையிலிருந்த சிப்பியைத் தூக்கி எறிந்தாள். "பகையா இருந்தாக்கூடப் புரிஞ்சுக்கலாம். ச்சீ!" காறித் துப்பிவிட்டு வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலத்துக்குள் கேவட் சேரி முழுக்கச் செய்தி தெரிந்துவிட்டது. சுலோகம் பொய் என்று சொல்லப் போன இளைஞர்களை அறக்கட்டளை ஆட்கள் விரட்டினார்கள். தாலுகா அதிகாரியிடம் கேதகி தானே போய் எழுதிக் கொடுத்தாள். அவர் படித்துப் பார்த்து, "திருவிழா முடியட்டும் மேடம்" என்று மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

ஜயந்தியன்று படித்துறையில் எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். மேடையில் அமைச்சர், பக்கத்தில் மைக்கோடு பண்டிட்ஜி. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சேலை வரிசை கரையிலிருந்து கிளம்பிற்று. கேவட்டுகள் படகுகளில் நின்று வாங்கி வாங்கித் தள்ளினார்கள். கேதகி பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

நடு ஆற்றுக்குப் போனதும் சேலை நின்றது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. மேளம் அடித்துக்கொண்டே இருந்தார்கள். படகுகளில் இருந்தவர்கள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நடுப்படகில் ஆண்களோடு ரேஷம்பாயியும் இருந்தாள். சேலையின் முனை அவள் கையில்.

"என்னாச்சு? தள்ளுங்க, தள்ளுங்க!" என்று மைக்கில் கத்தினார் பண்டிட்ஜி.

ரேஷம்பாயி எழுந்து நின்றாள். தண்ணீரின்மேல் குரல் தெளிவாக வந்தது.

"பண்டிட்ஜி! இந்தப் படகெல்லாம் மீன் படகு. நாத்தம் குடலைப் புரட்டுது. அம்மாவோட சேலையை இதுல எப்படிக் கொண்டுபோறது? எங்க குலம் அழிஞ்சுரும்னு கல்லுல வேற எழுதியிருக்கீங்க. பயமா இருக்கு!"

படகுகளிலிருந்து சிரிப்பு எழுந்தது. கரையில் முணுமுணுப்பு. வேறு ஊர்களிலிருந்து வந்த யாத்திரைக்காரர்கள் என்ன, ஏது என்று விசாரித்தார்கள். பாதி ஆற்றில் நின்ற சேலை நனைந்து கனத்துத் தொங்க ஆரம்பித்தது. அறுந்து போனால் பெரும் அபசகுனம். அமைச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பண்டிட்ஜி பக்கம் சாய்ந்து என்னவோ சொன்னார்.

பண்டிட்ஜி கண்களை மூடினார். கேதகிக்கு அந்த முகம் தெரியும். என்ன வரப்போகிறது என்று புரிந்து அவள் உடம்பு கூசிற்று.

"ஜயந்த்யாம் து நதீமாது: ஸர்வே சுத்த்யந்தி தேஹின:!" மைக் அதிர்ந்தது. "பக்தர்களே, அதே ரேவா கண்டத்துல, அதே அத்தியாயத்துல சொல்லியிருக்கு! அன்னையின் ஜயந்தி நாளில் உடலெடுத்த எல்லாரும் தூய்மை அடைகிறார்கள். இன்று கேவட் சகோதரிகள் தாராளமாகப் படித்துறையில் இறங்கலாம்!"

"இன்னைக்கு மட்டுமா?" என்று கேட்டாள் ரேஷம்பாயி. "அப்ப நாளைக்கு நாங்க வந்து மீதி சேலையைச் சாத்துறோம்."

கூட்டத்தில் கைதட்டிச் சிரித்தார்கள். பண்டிட்ஜி மறுபடி கண்ணை மூடினார். இந்தத் தடவை இன்னும் சீக்கிரமாகவே வந்தது. ஒருமுறை தூய்மை பெற்றவருக்கு மறுபடி தீட்டில்லை என்று அடுத்த வரி. வாசகம் வழுக்கிக்கொண்டு போயிற்று. யாப்பில் குறையில்லை, இலக்கணத்தில் குறையில்லை. தன்னுடையதைவிட நல்ல சுலோகம் என்று கேதகியின் மூளை தானாக எடைபோட்டது. அப்படி எடைபோட்ட தன் மூளையையே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆயிரம் தலைகள் பக்தியோடு குனிந்தன. சேலை நகர்ந்தது. மறுகரையில் சங்கு ஊதினார்கள்.

படகுகள் திரும்பி வந்ததும் கேவட் பெண்கள் படித்துறைக்கு வந்தார்கள். சாக்கடைப் பக்கமிருந்து குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு கூட்டமாக வந்து, மேல்படியில் கால்வைத்து, பலகையைத் திரும்பியும் பார்க்காமல் இறங்கினார்கள். ஒரு கிழவி முதல் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். ரேஷம்பாயி சிரங்கு வந்த மகளைத் தண்ணீரில் நிறுத்தி முதுகில் கையால் தண்ணீர் அள்ளி ஊற்றினாள்.

கேதகி செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு படி இறங்கினாள். ஏன் இறங்குகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ரேஷம்பாயி நிமிர்ந்தாள்.

"எங்க வர்ற?"

"சும்மா... கால் நனைக்கலாம்னு."

"தண்ணி எல்லாருக்கும்தான். நான் யாரையும் வேணாம்னு சொல்ல மாட்டேன்." சொல்லிவிட்டு மகள் தோளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஆனா கொஞ்சம் தள்ளிப்போய் இறங்கு. எழுதிக் கொடுத்தேன்னு நீயா வந்து சொன்ன, அது சரி. அந்தக் கிழவன் அதையும் சொல்ல மாட்டான். இருந்தாலும் உன்னைப் பார்த்தா எனக்குக் குமட்டுது. இன்னைக்கு ஒருநாளாவது குமட்டாம குளிக்கணும்."

கேதகி தலையாட்டினாள். வேறெங்கும் போய் இறங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியேறினாள். பளிங்குப் பலகையின் கீழே காலியாக இருந்த இடத்தை ஒரு கொத்தன் நூல்பிடித்து அளந்துகொண்டிருந்தான். பண்டிட்ஜி பக்கத்தில் நின்று புதிய சுலோகத்தைச் சொல்ல, ஒருவன் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டிருந்தான். பழைய சுலோகத்தை எடுக்கும் பேச்சே இல்லை. இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கப் போகின்றன.

பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது நிமேஷ்பாய் கூப்பிட்டார். யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள்.

"கேதகிபென், அந்த ரெண்டாவது சுலோகம் பிரமாதம்! முழுசா வாங்கிட்டியா? அதை வச்சே முதல் எபிசோடை ஆரம்பிச்சுரலாம்."

"இனிமே நான் வரலை நிமேஷ்பாய்."

"எங்க வரலை?"

அவள் போனை அணைத்தாள். காண்ட்வா போகும் பேருந்து வந்துவிட்டது. அதில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, குமட்டலை அடக்க முடியாமல் மறுபடி ஒருமுறை தலையை வெளியே நீட்டினாள். வயிற்றில் ஒன்றுமில்லாததால் ஒன்றும் வரவில்லை.